போடிநாயக்கனூர் – ஏலமலைச் சரிவுகளில் பெண் தொழிலாளரின் உணவுப் பாதுகாப்பின்மையும் மனநலமும்

ஆய்வுச் சுருக்கம்

வயிறு நிரம்புவதும் உணவு உறுதிப்படுவதும் ஒன்றல்ல. நாளைய உணவு பற்றிய கவலை, உண்பவற்றின் தரக்குறைவு, பிறர் அறிந்துவிடுவர் என்னும் நாணம் ஆகியன பெண்களின் மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் நெருங்கிய தொடர்புடையன எனச் செல்வ நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. போடிநாயக்கனூர்ப் பகுதியிலிருந்து கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் சென்று திரும்பும் பெண் தொழிலாளரின் வாழ்நிலையை அவ்வாய்வுகளின் துணையோடு இக்கட்டுரை விளக்குகிறது. விலையில்லா அரிசி பசியைப் பெருமளவு தடுத்துள்ளது. எனினும் வருவாயின் நிலையாமை, கடன் தவணை, வீட்டில் கடைசியாக உண்ணும் வழக்கம் ஆகியவற்றால் எழும் கவலை பெண்களிடமே தங்கிவிடுகிறது என்பதும், இரு மாநிலங்களின் நலத்திட்டங்களும் இக்கவலையைக் கணக்கில் கொள்ளும் வகையில் அமையவில்லை என்பதும் இதன்வழி உணர்த்தப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உணவுப் பாதுகாப்பின்மை, பெண்கள் மனநலம், ஏலத்தோட்டத் தொழிலாளர், போடிநாயக்கனூர், இடுக்கி, பொது வழங்கல் முறை, பசிப்பிணி.

முன்னுரை

தேனி மாவட்டத்தின் மேற்கெல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். இங்கிருந்து போடிமெட்டு வழியாக மேலேறும் சாலை பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் என இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டப் பகுதிகளை அடைகிறது. இந்தியாவில் விளையும் ஏலக்காயின் பெரும்பகுதி இம்மலைகளிலிருந்தே கிடைக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இடுக்கியின் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடைபெறுகிறது. மலையில் காய் எடுப்போரிலும், களை எடுப்போரிலும், சமவெளியில் காயைத் தரம் பிரிப்போரிலும் பெண்களே மிகுதி. அவர்களுள் கணிசமானோர் போடி, தேவாரம், கோம்பை, கம்பம் வட்டாரங்களின் சிற்றூர்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள்.

உணவுப் பாதுகாப்பின்மை என்றவுடன் பஞ்சமும் பட்டினிச் சாவும் நினைவுக்கு வருவது இயல்பு. அவ்வளவுகோலின்படி பார்த்தால் இப்பகுதியில் சிக்கலே இல்லை எனத் தோன்றும். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது; பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவும் காலை உணவும் உண்டு. இந்நிலையில் ஓர் உழைக்கும் பெண்ணின் மனநலத்தை உணவோடு இணைத்துப் பேசுவதற்கு இடமுண்டா என்னும் வினா எழுகிறது. உணவுப் பொருள் குறைவின்றிக் கிடைக்கும் செல்வ நாடுகளிலும் இதே வினா எழுந்தது. அங்கு ஆய்வாளர்கள் கண்ட விடை ஏலமலைக்கும் பொருந்துமா என ஆராய்வது தேவையாகிறது.

உணவுப் பாதுகாப்பின்மை – கருத்து விளக்கம்

1996ஆம் ஆண்டு உரோம் நகரில் கூடிய உலக உணவு உச்சிமாநாடு, எல்லா மக்களும் எல்லாக் காலத்திலும் நலவாழ்வுக்குப் போதிய, சத்தான, தம் விருப்பத்திற்கு இசைந்த உணவைப் பெறும் நிலையே உணவுப் பாதுகாப்பு என வரையறுத்தது. இவ்வரையறையில் ‘எல்லாக் காலத்திலும்’ என்னும் தொடர் இன்றியமையாதது. இன்று உண்டவர் நாளையும் உண்பார் என்னும் உறுதி அதில் அடங்கியுள்ளது.

இக்கருத்துக்கு முன்பே, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேடிமரும் அவருடைய குழுவினரும் நியூயார்க் மாநிலத்தில் 32 பெண்களிடம் விரிவாக உரையாடி, 1990இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். பசியைப் பற்றி அப்பெண்கள் கூறியவற்றிலிருந்து நான்கு கூறுகள் பெறப்பட்டன. உணவின் அளவு குறைதல், உணவின் தரம் குறைதல் என்பன முதல் இரண்டு. உணவு தீர்ந்துவிடுமோ என்னும் கவலையும் விருப்பத்தேர்வின்றி உண்ண நேர்வதால் வரும் மனவருத்தமும் மூன்றாவது கூறு. ஏற்கத்தகாத வழியில் உணவு பெற நேர்தல், உண்ணும் ஒழுங்கு குலைதல் ஆகிய சமூகக் கூறு நான்காவது. மனம் சார்ந்த துன்பம் பசியின் பின்விளைவாக மட்டுமன்றிப் பசியின் உறுப்பாகவே இங்குக் கொள்ளப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு பின்னர் உருவாக்கிய உணவுப் பாதுகாப்பின்மை அனுபவ அளவுகோலும் இவ்வழியையே பின்பற்றுகிறது. அதன் எட்டு வினாக்களுள் முதலாவது, பணமோ பிற வசதியோ இன்மையால் உணவு போதாமற் போகுமோ எனக் கவலைப்பட்டதுண்டா என்பது. முழுநாளும் உண்ணாதிருந்தமை பற்றிய வினா இறுதியில்தான் இடம்பெறுகிறது. கவலையில் தொடங்கி, தரக்குறைவு, அளவுக்குறைவு எனச் சென்று பட்டினியில் முடியும் ஏணியாக இதனைக் கருதலாம். பட்டினியை மட்டும் எண்ணுவோர் ஏணியின் கடைசிப் படியை மட்டுமே காண்கின்றனர்.

செல்வ நாட்டு ஆய்வுகள் உணர்த்துவன

அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் அந்நாட்டுக் குடும்பங்களுள் 13.5 விழுக்காடு உணவுப் பாதுகாப்பின்றி இருந்தன. துணையின்றிப் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாரின் குடும்பங்களில் இது 34.7 விழுக்காடு. உலகின் மிகப்பெரும் பொருளாதாரத்திலும் இச்சுமை பெண்கள்மீது கூடுதலாக விழுகிறது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

2006இல் வெளிவந்த விட்டேக்கர் குழுவினரின் ஆய்வு, அமெரிக்காவின் 18 நகரங்களில் முன்பள்ளிப் பருவக் குழந்தைகளின் தாய்மாரை ஆராய்ந்தது. உணவு முற்றிலும் உறுதியாக உள்ள தாய்மாருள் 16.8 விழுக்காட்டினரிடமும், விளிம்பு நிலையிலுள்ளோருள் 21.0 விழுக்காட்டினரிடமும், உணவுப் பாதுகாப்பற்றோருள் 30.3 விழுக்காட்டினரிடமும் பெரும் மனச்சோர்வோ பொதுமைப்பட்ட பதற்றநோயோ காணப்பட்டது. விளிம்பு நிலையிலிருந்த தாய்மாரிடத்தும் பாதிப்பு மிகுந்திருந்தது இவ்வாய்வின் தனிச்சிறப்பு. உணவு உண்மையில் குறைவதற்கு முன்பே, குறையக்கூடும் என்னும் நிலையிலேயே மனம் தாக்குறுகிறது.

மனச்சோர்வுற்ற பெண் வேலையிழந்து, அதனால் உணவுப் பற்றாக்குறைக்கு ஆளாகியிருக்கலாமே என்னும் ஐயம் இங்கு எழும். மிச்சிகன் மாநிலத்தில் அரசு உதவித்தொகை பெற்ற பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஹெஃப்லின், சீஃபர்ட், வில்லியம்ஸ் ஆகியோரின் 2005ஆம் ஆண்டு ஆய்வு இவ்வையத்தை எதிர்கொண்டது. ஒரே பெண்ணின் வாழ்வில் உணவுநிலை மாறும்போது மனச்சோர்வு நிலையும் மாறுவதை அது காட்டியது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் இயல்புடையன என்பதை மறுக்க இயலாது. எனினும் உணவுநிலையின் மாற்றத்தைப் புறந்தள்ளிவிட்டு இப்பெண்களின் மனநிலையை விளக்க முடியாது என்பது இதனால் பெறப்படும்.

கனடாவின் அட்லாண்டிக் மாகாணங்களில் வறுமையில் வாழ்ந்த தனித்தாய்மாரை ஆராய்ந்து மக்கின்டயர் குழுவினர் 2003இல் வெளியிட்ட கட்டுரை, தாய்மாரின் உணவு அவர்களுடைய பிள்ளைகளின் உணவைவிடத் தொடர்ந்து தரம் தாழ்ந்திருந்ததைப் பதிவுசெய்தது. தாய் தன் பங்கைக் குறைத்துப் பிள்ளைக்கு வழங்குகிறாள். 149 நாடுகளின் தரவுகளைக் கொண்டு ஆண்ட்ரூ ஜோன்ஸ் 2017இல் வெளியிட்ட ஆய்வு, உணவுப் பாதுகாப்பின்மை கூடக்கூட மனநலம் தாழ்வது செல்வ நாடு, வறிய நாடு என்னும் வேறுபாடின்றிக் காணப்படுகிறது என உறுதிசெய்தது.

பருவத்தோடு உணவுநிலை மாறும் சமூகங்களுக்குத் தான்சானிய நாட்டு ஆய்வு துணைநிற்கிறது. அங்குச் சிற்றூர்ப் பெண்களிடம் ஹேட்லியும் பாட்டிலும் நிகழ்த்திய ஆய்வுகளில், பருவத்திற்கேற்ப உணவுநிலை மாறியபோது பதற்ற, மனச்சோர்வு அறிகுறிகளும் உடன் மாறின. ஏலமலையின் வேலை பருவத்தை ஒட்டியது என்பதால் இம்முடிவு இங்குப் பெரிதும் கருதத்தக்கது.

ஏலமலை வேலையும் வருவாயின் நிலையாமையும்

ஏலச்செடியின் காய்ச்சரங்கள் தண்டின் அடியில், மண்ணையொட்டிப் படர்வன. ஆகவே காய் எடுப்பவர் குனிந்தோ குந்தியோ ஈரத்தரையில் நாள் முழுதும் நகர்ந்து செல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழையின் நடுவில் தொடங்கும் அறுவடை, ஆண்டின் இறுதியைத் தாண்டிப் பல சுற்றுகளாக நடைபெறும். கோடையில் வேலைநாள்கள் சுருங்கிவிடும். அடிவாரத்துப் பெண்கள் விடியுமுன் சமைத்து, தூக்குவாளியில் சோறெடுத்து, ஜீப்புகளில் நெருக்கியமர்ந்து மலையேறுவர். மாலையில் இறங்கி, மீண்டும் அடுப்பின்முன் நிற்பர்.

ஏலக்காய் விலைக்கும் காய் எடுப்பவரின் வருவாய்க்கும் உள்ள உறவு ஆராயத்தக்கது. 2018 ஆகஸ்டு வெள்ளமும் நிலச்சரிவும் இடுக்கியின் தோட்டங்களைச் சிதைத்தன. அடுத்த ஆண்டும் மழை பிந்தியது. வரத்துக் குறைந்ததால் 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் என்னும் உச்சத்தைத் தொட்டது. விளைச்சல் குறைந்ததே விலை உயர்வுக்குக் காரணம். விளைச்சல் குறையும்போது காய் எடுக்கும் நாள்களும் குறையும். நாள்கூலி பெறும் பெண்ணுக்குக் காயின் விலை வருவாய் ஆவதில்லை. வேலைநாள்களின் எண்ணிக்கையே வருவாய். 2022இல் விலை ஆயிரம் ரூபாய்க்குக் கீழே சரிந்தது. அத்தகைய வீழ்ச்சிக் காலத்தில் செலவைக் குறைக்க விரும்பும் உடைமையாளர் முதலில் சுருக்குவது களையெடுப்பு, கவாத்து போன்ற வேலைகளையே. விலை ஏறினும் இறங்கினும் இழப்பின் ஒரு பகுதி கூலிப்பெண்ணின் அடுப்பை வந்தடைகிறது. 2024 கோடையின் கடும் வெப்பமும் வறட்சியும் ஏலச்செடிகளைப் பரவலாகக் கருகச் செய்ததும் இவ்வரிசையில் சேரும்.

இயற்கையும் சந்தையும் அன்றி எல்லையும் ஒரு காரணியாகிறது. 1956இல் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு இணைந்தன. தொழிலாளரின் வீடு ஒரு மாநிலத்திலும் வேலை மற்றொரு மாநிலத்திலும் அமைந்தன. முல்லைப் பெரியாறு அணைப் பிணக்கு முற்றிய 2011 டிசம்பரில் மலைக்குச் செல்வது தடைப்பட்டது. 2020 மார்ச்சில் கொரோனா முடக்கம் தொடங்கியபோது நாள்தோறும் சென்று திரும்பும் பயணம் முற்றிலும் நின்றது. வீட்டிலிருந்து சில மணி நேரத் தொலைவிலுள்ள வேலை, ஓர் அரசாணையால் எட்டாத் தொலைவாகிவிட்டது. முன்னறிவிப்பின்றி வருவாய் அறுபடலாம் என்னும் பட்டறிவு இவ்வாறு நினைவில் படிகிறது.

கூலியின் அளவு பற்றிய வினாவைப் பெண் தொழிலாளரே பொதுவெளிக்குக் கொண்டுவந்ததும் இம்மலைகளில்தான். 2015 செப்டம்பரில் மூணாறில் ‘பெண்கள் ஒற்றுமை’ என்னும் பெயரில் தேயிலைத் தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைமைகளை விலக்கித் தாமே போராடினர். அப்போது அவர்களுடைய நாள்கூலி 232 ரூபாய். கோரிக்கை 500 ரூபாய். அதன் தொடர்ச்சியாக அவ்வாண்டு அக்டோபரில் தேயிலைக்கு 301 ரூபாயாகவும் ஏலத்திற்கு 330 ரூபாயாகவும் கூலி முடிவாயிற்று.

அரிசியும் அரிசிக்கு அப்பாலும்

தமிழ்நாட்டின் பொது வழங்கல் முறை வறியோர், வறியரல்லாதோர் எனப் பிரிக்காமல் பரவலாக இயங்குவது. 2007 முதல் துவரம்பருப்பும் பாமாயிலும் குறைந்த விலையில் வழங்கப்படுகின்றன. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணையே குடும்ப அட்டையின் தலைவராகக் கொள்கிறது. இவ்வேற்பாடுகள் பட்டினியைத் தடுத்து நிறுத்தியுள்ளன என்பதில் ஐயமில்லை. 2023 செப்டம்பர் முதல் வழங்கப்படும் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை, பெண்ணின் கைக்கே நேராகச் சேரும் நிலைத்த வருவாய் என்பதால் தனிச்சிறப்புடையது.

ஆனால் சோற்றோடு சேரவேண்டிய காய், பருப்பு, முட்டை, மீன், பால் ஆகியன சந்தையிலிருந்தே வரவேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21), 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். கேரளத்தில் இது 36.3 விழுக்காடு. அரிசியால் நிரம்பும் வயிறும் இரும்புச்சத்துக் குறைந்த குருதியும் ஒரே உடலில் இருக்கக்கூடும் என்பதற்கு இவ்வெண் சான்று.

பெண்ணின் கையில் வரும் பணத்தைப் பங்கிடும் முறையையும் நோக்க வேண்டும். வாரத்தவணைக் கடன், வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்புச் செலவு ஆகியன நாளும் தொகையும் குறிக்கப்பட்டவை. தவணை நாளில் பணம் கட்டத் தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் முன்னிலையில் தலைகுனிய நேரும். கடன் வசூலில் வன்முறையும் அச்சுறுத்தலும் பெருகியமையாலேயே தமிழ்நாடு அரசு 2025இல் கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டமொன்றை இயற்றியது. இவ்வாறு பிற செலவுகள் அனைத்தும் இறுகி நிற்கையில், குறைத்துக்கொள்ள இடந்தருவது உணவு ஒன்றே. உணவிலும் முதலில் குறைவது சமைப்பவளின் பங்கு.

உணவு கிடைப்பதும் அதைப் பெறும் உரிமை ஒருவரிடம் இருப்பதும் வெவ்வேறு என்பதை அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்னும் நூலில் நிறுவினார். வீட்டுக்குள்ளும் இவ்வேறுபாடு செயற்படுகிறது. குடும்பத்தின் கலத்தில் சோறு இருப்பதாலேயே குடும்பத் தலைவியின் தட்டிலும் அது இருக்கும் எனக் கொள்ள இயலாது.

வாயைக் கட்டுதலும் மனத்தை அடக்குதலும்

‘வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி’ப் பிள்ளைகளை ஆளாக்கினாள் என்பது தமிழ்ச் சமூகம் ஒரு தாய்க்கு வழங்கும் உயர்ந்த பாராட்டு. மக்கின்டயர் குழுவினர் கனடாவில் அளந்து கண்ட அதே செயலைத் தமிழ் வழக்கு அறமாகப் போற்றுகிறது. இப்போற்றுதலால் இரு விளைவுகள் உண்டாகின்றன. ஒன்று, தாயின் உணவுக்குறைவு குறையாகவே எண்ணப்படாமல் மறைந்துவிடுகிறது. மற்றொன்று, தனக்குப் பசிக்கிறது என்று சொல்லும் பெண் தன் தாய்மையையே தாழ்த்திக்கொள்பவளாகிறாள். கணவரும் பிள்ளைகளும் உண்டபின் எஞ்சியதை உண்ணுதல், கடுங்காப்பியாலும் வெற்றிலையாலும் பசியை அடக்குதல், நீராகாரத்தோடு காலையை முடித்தல் ஆகியன தியாகம் என்றும் பழக்கம் என்றும் பெயர் பெறுகின்றன. பற்றாக்குறை என்னும் பெயரைப் பெறுவதில்லை.

மனத்துன்பத்தைக் குறிக்கும் மக்கள் வழக்கும் இங்குக் கவனத்திற்குரியது. பேச்சுத்தமிழில் ‘யோசனை’ என்பது சிந்தனையை மட்டும் குறிப்பதன்று. ‘ஒரே யோசனையா இருக்கு’ என்னும்போது அது விடாது சுழலும் கவலையைக் குறிக்கிறது. ‘நெஞ்சு படபடங்குது’, ‘கைகால் உளையுது’, ‘தலை கிறுகிறுக்குது’ எனப் பதற்றமும் சோர்வும் உடலின் மொழியிலேயே வெளிப்படுகின்றன. இவற்றோடு மருத்துவரிடம் செல்லும் பெண் சத்து மாத்திரையோ வலி மாத்திரையோ பெற்றுத் திரும்ப வாய்ப்புண்டு. யோசனை எதைப் பற்றியது என்று வினவப்பட்டால்தான் அரிசிப்பானைக்கும் படபடப்புக்கும் உள்ள தொடர்பு வெளிப்படும்.

இலக்கியம் தரும் சான்று

பசியை மனத்துன்பத்தோடும் நாணத்தோடும் சேர்த்து நோக்கும் பார்வை தமிழுக்குப் புதிதன்று. பசியைப் பிணி எனக் கொண்டதும், பசியைத் தீர்ப்பவனை மருத்துவனாகக் கண்டதும் சங்கப் புலவர் மரபு. சிறுகுடிப் பண்ணனைப் பற்றிய புறநானூற்று 173ஆம் பாட்டு இதற்குச் சான்று. குமணனை நோக்கிப் பெருஞ்சித்திரனார் பாடிய 159ஆம் பாட்டில், புலவரின் மனைவி உடல் நிறம் மாறியவளாகவும் துயரால் வருந்துபவளாகவும் காட்டப்படுகிறாள். அகப்பாடல்களில் பிரிவின் அடையாளமாக வரும் மேனிப் பசப்பு, இங்கு வறுமையின் அடையாளமாகிறது.

நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை இன்னும் நுட்பமானது. குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி, உப்பின்றி வேகவைத்த கிணைமகள், பிறர் கண்ணில் படுவதற்கு நாணி வாயிற்கதவை அடைத்துவிட்டுத் தன் சுற்றத்தோடு உண்கிறாள். இக்காட்சியில் உணவின் அளவுக்குறைவு, தரக்குறைவு, மனவருத்தம், சமூக நாணம் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்துள்ளன. ரேடிமர் குழுவினர் நியூயார்க் பெண்களின் பேச்சிலிருந்து பிரித்தெடுத்த நான்கு கூறுகளும் இவையே. மணிமேகலைக் காப்பியம் பசி அழிப்பனவற்றை அடுக்கும்போது உயிரை மட்டும் கூறாமல் குடிப்பெருமையையும் கல்வியையும் நாணத்தையும் கூறுவது இம்மரபின் தொடர்ச்சி. அடைத்த கதவு என்பது ஆய்வாளர்க்கும் ஓர் எச்சரிக்கை: வெளியிலிருந்து வினவுவோருக்கு முதல் விடையாகக் கிடைப்பது மூடிய கதவே.

அளவிடுதலில் உள்ள சிக்கல்

மனச்சோர்வை அறிய உலகெங்கும் பயன்படும் ஒன்பது வினாக்கள் கொண்ட நலவினாப்படிவம், கடந்த இரண்டு வாரங்களில் தூக்கக் குறைபாடு, களைப்பு, பசியின்மை ஆகியன எத்தனை நாள் இருந்தன என வினவுகிறது. விடியுமுன் எழுந்து, மலையேறி, குனிந்து உழைத்து, இரத்தசோகையும் உடைய பெண் இவற்றுள் பலவற்றிற்கு ‘ஆம்’ என்றே விடையளிப்பாள். அவ்விடை மனச்சோர்வைக் குறிக்கிறதா, உடல் இளைப்பைக் குறிக்கிறதா, உணவுக் குறைவைக் குறிக்கிறதா என்பதைப் படிவத்தால் மட்டும் பிரித்தறிய முடியாது. இதனால் இருவகைப் பிழைகள் நேரலாம். உழைப்பின் களைப்பை நோயாகக் கொள்வது ஒன்று. உண்மையான மனச்சோர்வை ‘வேலை அலுப்பு’ எனத் தள்ளிவிடுவது மற்றொன்று.

ஆகவே ஏலமலைப் பெண்களைப் பற்றிய கள ஆய்வுகளில் மனநலப் படிவத்தோடு உணவுப் பாதுகாப்பின்மை அளவுகோலையும் குருதிச் சோதனையையும் இணைத்தே பயன்படுத்த வேண்டும். அறுவடைக் காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் அதே பெண்களிடம் வினவுவது தான்சானிய ஆய்வு காட்டிய வழி. குடும்பத் தலைவரிடம் ‘வீட்டில் உணவு போதுமா’ என வினவிப் பெறும் விடை பெண்ணின் தட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. பெண்ணிடமே, தனிமையில் வினவுதல் வேண்டும்.

இரு மாநிலங்களுக்கிடையே

தோட்டத் தொழிலாளருக்காக 1951இல் இயற்றப்பட்ட சட்டம் குடியிருப்பு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம், உணவகம் ஆகியவற்றிற்கு வழிவகுத்தது. ஆனால் ஐந்து ஹெக்டேருக்குக் குறையாத, பதினைந்து பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தோட்டங்களுக்கே அது உரியதாயிருந்தது. ஏலத்தோட்டங்களுள் மிகுதியானவை சிறு உடைமைகள். அவற்றுள் நாள்கூலியாகப் பணிபுரிந்து அன்றே மலையிறங்கும் பெண்ணுக்கு இவ்வேற்பாடுகள் பெரிதும் பயன்படவில்லை. கேரளம் அவளை உழைக்கும் நேரத்தில் மட்டும் காண்கிறது. தமிழ்நாடு அவளை உறங்கும் நேரத்தில் காண்கிறது. நியாயவிலைக் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியன இயங்கும் பகற்பொழுதில் அவள் எல்லைக்கு அப்பால் இருக்கிறாள். அவற்றை நாட விரும்பினால் ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். மனநல மருத்துவத்திற்காகத் தேனியைக் கடந்து க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வதற்கும் அதுவே விலை.

2015–16ஆம் ஆண்டுத் தேசிய மனநல ஆய்வு, மனநலக் குறைபாடு உடையோருள் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை எனக் கண்டது. ஏலமலைப் பெண்களிடத்து இவ்விடைவெளி, விழிப்புணர்வின்மையால் மட்டும் நேர்வதன்று என்பதை மேற்கண்ட கால நெருக்கடி காட்டுகிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் தொலைபேசிச் சேவை (14416) இரவிலும் கிடைப்பது என்பதால் இவர்களுக்குப் பயன்படக்கூடியது. எனினும் தொலைபேசி ஆலோசனையால் கோடைக்கால வருவாய் இழப்பை ஈடுசெய்ய இயலாது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

போடிநாயக்கனூர் – ஏலமலைப் பகுதியில் உணவுப் பாதுகாப்பின்மை பட்டினியாக அன்றி, கவலையாகவும் தரக்குறைவாகவும் பெண்ணின் பங்கு குறைவதாகவும் வெளிப்படுகிறது. எனவே பஞ்சகால அளவுகோல்களைவிடச் செல்வ நாட்டு ஆய்வுகள் உருவாக்கிய அனுபவ அளவுகோல்கள் இங்குப் பொருத்தமானவை.

விலையில்லா அரிசி பசிக்கு அணையிட்டுள்ளது. வருவாயின் நிலையாமைக்கு அதனால் அணையிட இயலவில்லை. கோடைக்கால வேலையின்மையை ஈடுசெய்யும் ஏற்பாடு, பருப்பு, முட்டை போன்ற சத்துணவின் வழங்கல், வேலை முடிந்து திரும்பும் பொழுதிலும் திறந்திருக்கும் நியாயவிலைக் கடை, சுகாதார நிலையம் ஆகியன உணவுத் திட்டங்களாக மட்டுமன்றி மனநலத் திட்டங்களாகவும் கருதத்தக்கவை.

அமெரிக்காவில் 2010இல் வெளியிடப்பட்ட இரு வினா முறை, உணவு தீர்ந்துவிடுமோ எனக் கவலைப்பட்டதையும் வாங்கிய உணவு போதாமற் போனதையும் மட்டும் வினவுகிறது. அந்நாட்டுக் குழந்தை மருத்துவக் கழகம் 2015இல் அதனைப் பரிந்துரைத்தது. 2021 முதல் வீடுதேடிச் செல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் இவ்விரு வினாக்களை, பெண்களுக்கு இசைந்த மாலைப்பொழுதில் தமிழில் வினவுவது பெருஞ்செலவின்றி நிறைவேறக்கூடியது.

வாயையும் வயிற்றையும் கட்டும் பெண்ணைப் போற்றும் வழக்கு அவளது குறையை மறைக்கிறது. மனச்சோர்வை ஒருத்தியின் தனிப்பட்ட நோயாக மட்டும் கருதும் மருத்துவ அணுகுமுறையும் அவ்வாறே மறைக்கிறது. ஏலக்காயின் விலையை நாள்தோறும் பதிவுசெய்யும் இவ்வட்டாரத்தில், அதைப் பறிக்கும் பெண்ணின் வேலைநாள்களும் அவள் தட்டிலுள்ள உணவும் முறையாகப் பதிவுசெய்யப்பட வேண்டும். அப்பதிவே இத்துறையில் அடுத்து நிகழவேண்டிய ஆய்வுக்கு அடிப்படையாகும்.